கையில் கட்டிய நம்பர்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம். திருத்தணி மலைமேல் கம்பித் தடுப்புக்குள் தரிசன வரிசை நகராமல் நின்றது. எனக்கு முன்னால் ஒரு கணவன், மனைவி. அவன் தோளில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பெண் குழந்தை.

"எறக்கி வுடு நைனா!" என்று அது காலை உதைத்தது.

"எறக்கித்தான் வுடேன். எத்தினி நேரம் தூக்கிகினு நிப்ப?" என்றாள் மனைவி.

"இங்க பாரு, எல்லாப் புள்ளையும் மொட்ட, எல்லாம் சந்தனம். காணாப்போனா என்ன அடையாளம் சொல்லுவ?"

"அதான் போலீஸ்காரம்மா கையில பட்டை கட்னாங்களே, நம்பர் எழுதி. யார்னா பாத்தா போன் பண்ணுவாங்க."

"யார் நம்பரு?"

"நம்ம ரெண்டு பேர்துந்தான்."

"ஆங். ரெண்டு போனும் எங்க கீது?"

அவள் கைப்பையைத் துழாவினாள். டோக்கன்தான் வந்தது. செல்போனை வாசல் கவுண்டரில் வாங்கி வைத்துக்கொண்டுதான் எல்லோரையும் உள்ளே விட்டிருந்தார்கள்.

"குடு, கொஞ்ச நேரம் நான் தூக்கிக்கிறேன்" என்றாள்.

நான் சட்டென்று கீழே பார்த்தேன். என் மகள் கம்பிக்கு அடியில் குனிந்து அடுத்த வரிசைக்குள் போய்க்கொண்டிருந்தாள். மொட்டைத் தலை, சந்தனம், கையில் அதே பட்டை.