தொண்ணூத்தியொரு மார்க்

அந்தப் பொட்டிய அப்புறம் பிரிக்கலாம், எழில். மொதல்ல உக்காரு. நாளையிலிருந்து இது உன் சீட்டுதான், நான் இன்னையோட நின்னுக்கறேன்.

என்ன வேலையா? ஒண்ணுமில்ல கண்ணு. இந்த டெக்ஸஸ் பூரா ஹைஸ்கூல் பசங்க இந்த ஊரு ஃபுட்பால், கையில புடிச்சுக்கிட்டு ஓடறது, அத ஆடறத ஆளுங்க போய்ப் பாத்து, நூத்துக்கு இவ்ளோன்னு மார்க் போட்டு ஃபேக்ஸ் பண்ணுவாங்க. நாம டைப் பண்ணி ரேங்க் லிஸ்ட் எடுக்கறோம். நம்ம பத்திரிகையப் பாத்துட்டுத்தான் காலேஜ் கோச்சுங்க பசங்களத் தேடிப் போவாங்க. நம்மூரு ப்ளஸ் டூ ஸ்டேட் ஃபர்ஸ்ட் மாதிரிதான். எனக்கா? பத்து வருஷமாச்சு, அந்தப் பந்து ஏன் ரெண்டு பக்கமும் கூம்பா இருக்குன்னே இன்னும் தெரியாது.

இப்ப மொதலாளிக்குப் புதுசா ஒரு ஆச. பத்து வருஷம் முன்னாடி நாம ரேங்க் குடுத்த பசங்கள்ல எத்தன பேரு ப்ரோ, அதான் சம்பளத்துக்கு ஆடறவங்க, ஆனாங்கன்னு ஒரு ஸ்பெஷல் இஷ்யூ. பொட்டில இருக்கற பழைய ஃபேக்ஸ் எல்லாத்தையும் நீ லிஸ்ட்டோட சரிபாக்கணும்.

நம்ம ரேங்க் பலிக்குமான்னு கேக்கறியா? பலிக்கும். முதல் இருவது பேர்ல நாலு பேரு ப்ரோ. ரிசப்ஷன்ல படம் பாத்தியே, நெல்சன் ஹார்வி, அபிலீன் ஊர்ப் பையன். எங்க கண்டுபிடிப்புன்னு வர்றவங்க கிட்டயெல்லாம் மொதலாளி காட்டுவாரு.

அவனுக்கு நெஜமா வந்த மார்க் அறுபத்திரெண்டு.

சிரிக்காத. நான் சேந்த மூணாவது வாரம். லஃப்கின்ங்கற ஊர்லருந்து ஒரு ஃபேக்ஸ். நெல்சன், கமா, ஹார்வி, தொண்ணூத்தியொண்ணு. இங்க ஃபார்ம்ல குடும்பப் பேர முன்னாடி போட்டு கமா வெப்பாங்களாம், பையன் பேரு ஹார்வி. எனக்கென்ன தெரியும்? நமக்கு அப்பா பேரு முன்னாடி வர்றது சாதாரணம். கமாவ ஃபேக்ஸ் அழுக்குன்னு விட்டுட்டு வந்த வரிசையிலயே அடிச்சேன். பாத்தா, எனக்கு முன்னாடி இருந்தவங்க அடிச்ச லிஸ்ட்ல ஏற்கெனவே ஒரு நெல்சன் ஹார்வி, அறுபத்திரெண்டு. ஒரே பையன் ரெண்டு தடவ வந்துட்டான்னு பெரிய மார்க்க வெச்சுட்டு இன்னொண்ண எடுத்துட்டேன். ஊரா? ஃபேக்ஸ்ல ஊர் பேரு மங்கலா இருந்துச்சு, நானும் உத்துப் பாக்காம லிஸ்ட்ல இருந்த அபிலீனையே விட்டுட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. அதுக்குள்ள அபிலீன் வீட்டு வாசல்ல கோச்சுங்க வரிச கட்டிட்டாங்க. லிஸ்ட்லயே இல்லாத பையனப் பாக்க லஃப்கினுக்கு யாரு போவா? சொல்லியிருக்கலாம். புது வேல, பயம். நாளைக்கு, நாளைக்குன்னு பத்து வருஷம் போயிருச்சு.

அபிலீன் பையனா? ஆடறான், நல்லாவே ஆடறான். அது எப்படின்னா? நானும் அதத்தான் யோசிப்பேன். காலேஜ்ல மொத வருஷம் சுத்தமா சரியில்லையாம். தொண்ணூத்தியொண்ணு ஆச்சேன்னு விடாம வெச்சுக்கிட்டு, தனியா ஆள் போட்டுச் சொல்லிக் குடுத்தாங்களாம். அறுபத்திரெண்டா இருந்தா குடுத்திருப்பாங்களா?

இந்தா, அந்த ஃபேக்ஸ். பொட்டில தேடாத, என் ஹேண்ட்பேக்லயே இருந்துச்சு. எழுத்து மங்கிட்டே வருது பாரு. பொட்டில சேக்கறதும் சேக்காததும் இனி உன் இஷ்டம். எனக்குத் தெம்பு இல்ல.

சரி, கெளம்பறேன். டயருக்குக் காத்துப் புடிக்கணும். இல்லல்ல, காத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. சும்மா, மாசாமாசம் கார்லண்ட்ல ஒரு டயர் கடைக்குப் போவேன். அங்க ஒரு லஃப்கின்காரரு, மண்டி போட்டு நாலு டயரும் பாத்துட்டு, ஆல் செட் மேம்னு சொல்லுவாரு. சட்டையில பேரு தெச்சிருக்கும். கூப்புடற பேரு மட்டும்தான்.

ஹார்வி.