நிலவறையில் நொதித்த பழச்சாறு

கசப்பு ஆப்பிளைக் கடித்துச் சாப்பிட முடியாது, ஐயா. பிழிந்தால்தான் அதன் அருமை தெரியும். எங்கள் நாந்த் நகரப் பக்கத்தில் ஆப்பிளைத் தனியாகவும் திராட்சையைத் தனியாகவும்தான் பிழிவார்கள். நான் இரண்டையும் ஒரே தொட்டியில் நொதிக்கவிட்டேன். இனிப்பு தீருமுன் புட்டியில் அடைத்தால், மிச்சம் உள்ளேயே நொதித்துத் தானாக நுரை கட்டும். இருபது வருடங்களாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

திராட்சைத் தோட்டமும் நிலவறையும் என் பங்கு. ஆப்பிள் தோப்பு என் தம்பி அர்மெலின் பங்கு. நகரத்தில் வேலை பார்த்தவன், அக்டோபரில் மனைவி நோல்வெனுடன் வந்து, தோப்பை வீட்டுமனைக்காக விற்கப்போவதாகச் சொன்னான். திங்கட்கிழமை கையெழுத்து.

“மரங்களை விட்டுடுடா.”

“போக்கா, ஆப்பிளைச் சந்தையில வாங்கிக்க. மரத்துக்கெல்லாமா அழுவாங்க?”

வக்கீலைப் பார்த்தேன். ஒன்றும் செய்ய முடியாது என்றார். 

வாங்குகிறவருக்குக் கொடுக்க நாலு புட்டி வேண்டும், சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தான். அன்று நிலவறையில் தொட்டிகள் பொங்கிக்கொண்டிருந்தன. நொதிக்கும்போது வரும் வாயு கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தேங்கி நிற்கும். ஆள் செத்து விழச் சில மூச்சு போதும். அதை வெளியேற்றத்தான் காற்றாடி. காலை ஏழு மணிக்கு அதை நிறுத்தினேன்.

பத்து மணிக்கு அர்மெல் நிலவறைப் படிக்கட்டருகே நின்றான்.

“மூச்சு முட்டாதே அக்கா? அப்பா மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான இறங்குவாரு?”

“இப்பத்தான் காத்தாடி இருக்கே,” என்றேன். இறங்கினான்.

சிறிது நேரத்தில் புட்டி உடையும் சத்தம் கேட்டது. நான் முற்றத்தில் ஆப்பிள் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே போனால் நானும் விழுவேன். காற்றாடியைப் போட்டாலும் அறை தெளிய அரைமணி ஆகும். என்னால் என்ன செய்ய முடியும்? போடவில்லை.

காரில் காத்திருந்த நோல்வென் இறங்கி வந்தாள்.

“எங்கேக்கா அவரு?”

அவன் இல்லாவிட்டால் கையெழுத்துப் போட இவள் இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“கீழதான். கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்ல. நீ போய்ப் பாரேன்.”

ஓடினாள். இருவரையும் அனுப்பியது நான்தான், ஐயா. மறுக்கவில்லை. ஆனால் அவளிடம், “படி ஈரமா இருக்கும்மா, பாத்து இறங்கு,” என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.