கூண்டை விட்டு வெளியே வந்த கோழிகள்

திருவேட்டக்குடியிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். "கோழி வெளிய வந்துடுச்சுடி, அதான் சம்பந்திக்கு வச்ச விருந்தைத் தள்ளிப்போட்டுட்டேன்" என்றார் மூத்தவர்.

"என்ன லாத்தா சொல்றீங்க?"

"கண்டதையும் கொத்துற கோழியை மூணு நாள் அடைச்சு, நல்ல தீனி போட்டுத்தானே அறுக்கணும்? அடைச்சுத்தான் வச்சிருந்தேன். பாவமா இருக்குன்னு எங்க வூட்டுக்காரவங்க தொறந்து வுட்டுட்டாங்க. எல்லாம் நேரா சாக்கடைக்குப் போயிருச்சு."

"கடையில ரெண்டு வாங்கிட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"கத்திரிக்கா, முருங்கக்கா, கொய்யாப்பழம், கறி எல்லாமே எங்க கொல்லையிலேர்ந்துதான்னு சொல்லி அழைச்சிருக்கேன். மொத விருந்துலேயே பொய்யா? உள்ளதைச் சொல்லிட்டேன்."

"மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு மாசம் ஆவல. அவங்க கோவிச்சுக்கிட்டா?"

"வூட்டுல கலந்துக்கிட்டுக் கூப்பிடுறேன்னு வச்சுட்டாங்க. பாப்போம்."

நானாக இருந்தால் கடைக் கோழியை ஆக்கிப் போட்டுவிட்டு, விருந்து முடிகிறவரை நடுங்கிக்கொண்டிருப்பேன். இவர் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

கோட்டுச்சேரி தாண்டியதும் அவருடைய போன் அடித்தது. நான் முன்னால் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சொல்லுங்க சம்பந்தி... சரிங்க... இன்ஷா அல்லாஹ்."

"என்னவாம் லாத்தா?"

"எத்தனை நாளானாலும் அந்தக் கோழியைத்தான் திம்பாங்களாம். அதுவரைக்கும் எங்க வூட்டுக்காரவங்களைக் கூண்டுகிட்ட வுடக் கூடாதாம்."