அறுபத்து நான்கு படங்களில் ஆன்ட்ரூஸ்

பென் டிரைவில் வைரஸ் ஏறிவிட்டால் பதற வேண்டாம். இதை என் கம்ப்யூட்டர் கடைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். படங்கள் பெரும்பாலும் எங்கும் போயிருக்காது. வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறிகளை முன்னால் நிறுத்தும். அவற்றை அழுத்தாமல், ஃபார்மட் செய்யாமல் கொண்டுவந்தால் ஒரு வரிக் கட்டளையில் எல்லாம் வெளியே வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. நான் அரை நாள் ஆகும் என்று சொல்வேன். இரண்டு நிமிடத்தில் கொடுத்தால் மரியாதை இருக்காது.

எங்கள் தேவாலயத்தின் பங்குப்பேரவை என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எனக்கு யார்மீதும் கோபம் இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜேசுதாஸ் மாமாவின் மகள் பெமிலா தன் கல்யாணப் பென் டிரைவோடு கடைக்கு வந்தாள். யாரோ ஒரு சிநேகிதியின் லேப்டாப்பில் செருகியிருக்கிறாள். ஆல்பம் இன்னும் போடவில்லை. போட்டோக்காரரிடம் வேறு பிரதியும் இல்லை. கல்யாண சீசனில் இடம் போதாமல் பழையதை உடனே அழித்துவிடுவாராம்.

"ரெஜின் அண்ணே, எனக்க கல்யாணமே போச்சு" என்றாள்.

"கல்யாணம் எங்கயும் போவாது. அரை நாள் தா" என்றேன்.

அவள் தெருமுனையைத் தாண்டும்முன் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு படங்களும் என் திரையில் இருந்தன. மீதி நேரத்தில் நான் என்னைத் தேடினேன். அது இயல்புதான். நம் ஊரில் மேடை ஏறிப் படத்தில் நின்றவர்தான் கல்யாணத்துக்கு வந்தவர். சாப்பிட்டுவிட்டுப் போனவர் வந்தவரில்லை. பிறகு ஒருநாள் வீட்டார் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். படத்தில் இல்லாதவர் வீட்டு விசேஷத்துக்கு இவர்களும் போகமாட்டார்கள். என் தங்கை ஜெப்சிக்கு டிசம்பரில் கல்யாணம். ஜேசுதாஸ் மாமா வீட்டார் வராவிட்டால் அந்தத் தெருவே வராது.

நான் போயிருந்தேன். மேடையிலும் ஏறினேன். ஆனால் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு படங்களில் ஒன்றில் மட்டும், ஆன்ட்ரூஸ் அண்ணனின் தோளுக்குப் பின்னால், ஓர் இடது காது இருந்தது. அது என் காதுதான். பாஸ்போர்ட் படத்துக்காக அதை நானே பலமுறை திருத்தியிருக்கிறேன்.

ஆன்ட்ரூஸ் அண்ணன் ஜேசுதாஸ் மாமாவின் பக்கத்து வீட்டுக்காரர். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே நிற்பார். மணமக்கள் கேக் வெட்டும் படத்தில் கேக்கைவிட அவர் முன்னால் இருக்கிறார். எண்ணிப் பார்த்தேன். அறுபத்து நான்கு படங்கள். எல்லாவற்றிலும் கிளிப்பச்சைச் சட்டை. ஒரு மனிதன் அறுபத்து நான்கிலும் இன்னொருவன் ஒரு காதிலும் வந்திருப்பது முறையில்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலில் நான் செய்தது சிறிய வேலை. அந்த ஒரு படத்தில் ஆன்ட்ரூஸ் அண்ணனின் தலையை எடுத்துவிட்டு என் தலையை வைத்தேன். அவர் உடம்புக்கு என் தலை கொஞ்சம் சிறியது. கல்யாணப் படத்தில் யாரும் தலையின் அளவைப் பார்ப்பதில்லை. ஆனால் மற்ற அறுபத்து மூன்றிலும் அதே சட்டை அவர் தலையோடு இருந்தது. பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வரும். அதனால் அறுபத்து மூன்றையும் எடுத்துவிட்டேன். மாலையில் பெமிலாவிடம் பென் டிரைவைக் கொடுத்தபோது, கொஞ்சம் படங்கள் கெட்டுப்போயின, மிச்சத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவளுடைய அம்மா ஓமனா அத்தை வறுத்த நெய்மீன் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஆன்ட்ரூஸ் அண்ணன் தன் மகள் அஜிஷாவின் கல்யாண அழைப்பிதழோடு ஜேசுதாஸ் மாமா வீட்டுக்குப் போனார். மாமா அஜிஷாவின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவர். அவர் அழைப்பிதழைத் தொடவில்லை.

"எனக்க மவளுக்க கல்யாணத்துக்கு நீரு வரல்ல. நான் எதுக்கு வரணும்?"

"வந்தேன் ஓய். மேடையில நிண்ணேன்."

"படத்துல காட்டும். உமக்க படத்த மட்டுமா வைரஸ் தேடித் தின்னுச்சு?"

மாமாவைக் குறை சொல்ல முடியாது. அன்று ஆயிரத்து ஐந்நூறு பேருக்குக் கைகொடுத்தவர். பிரியாணி பத்துமா என்ற யோசனையில் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

பென் டிரைவைச் சரிசெய்தது நான்தான் என்று தெருவுக்கே தெரியும். ஆன்ட்ரூஸ் அண்ணன் நேராக என் கடைக்கு வந்தார்.

"மக்கா, நல்லா தேடிப்பாரு. ஒரு கையாவது கிடக்கும்."

அவர் முன்னாலேயே அரை மணிநேரம் தேடினேன். இல்லை என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணைக்கு மூணு கல்யாணம்லே. மூணும் ஒரே மாதிரி மண்டபம், ஒரே மாதிரி சிக்கன். எனக்கு ஓர்மை இருக்கது வேற கல்யாணமோ என்னவோ. ஒருவேள நான் இங்க போவலியோ?"

"வயசானா அப்பிடித்தான் அண்ணே" என்றேன். அது ஆறுதலாகச் சொன்னது.

அவர் போய் ஜேசுதாஸ் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டார். கல்யாணத்துக்கு வர மறந்துவிட்டேன் என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமாவுக்கு அதுவரை வருத்தம்தான் இருந்தது. மறந்துபோனார் என்று தெரிந்ததும் பேச்சையே நிறுத்திவிட்டார். மக்கள் வாழ்க்கையில் இப்படி நேரான வழியை விட்டுவிடுவதை நான் கவனித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் அஜிஷா வந்தாள். அவளுடைய திருமணப் பூசைப் புத்தகத்தை நான்தான் அச்சடிக்கிறேன். விசுவாசிகள் மன்றாட்டில் முதல் வேண்டுதலை வாசிப்பவர் பெயர் ஜேசுதாஸ் என்று இருந்தது.

"அந்தப் பேர எடுத்திரு" என்றாள்.

எடுத்தேன். ஒரு சொல்தான். அவள் பிரிண்டர் பக்கத்தில் நின்று அழுதாள். மை காயும்வரை தள்ளி நிற்கச் சொன்னேன். ஈரம் பட்டால் எழுத்துப் பரவும்.

போன வியாழக்கிழமை பெமிலா, வந்திருந்த எல்லாருக்கும் நன்றி என்று படங்களைக் கோத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். நான் இருந்த படமும் அதில் இருந்தது. அடுத்த பத்தாவது நிமிடம் ஆன்ட்ரூஸ் அண்ணன் கடையில் நின்றார். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஏலே, இது எனக்க சட்ட. மச்சான் மஸ்கட்டுலேந்து கொண்டுவந்தது. உனக்க தலைக்க கீழ எப்பிடிலே வந்துது?"

இது நியாயமான கேள்வி என்பதால் நான் பிரிண்டருக்குத் தாள் வைக்கப் போனேன். அவர் என்னை மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சட்டையோடும் போனோடும் ஜேசுதாஸ் மாமா வீட்டுக்கு நடந்தார். பாதித் தெரு பின்னால் போனது. மாமா படத்தையும் பார்த்தார், சட்டையையும் பார்த்தார்.

"சட்ட வந்திருக்கு. ஒத்துக்கிடுகேன். ஆளு வந்தானா?"

"சட்ட தனியா வருமா ஓய்?"

"கடனுக்குக் குடுத்திருப்பீரு."

அன்று மாலை பங்குப்பேரவை கூடியது. அந்தப் படத்தில் நான் செய்ததை ஒத்துக்கொண்டேன். அதன் அசல் கைவசம் இல்லை, மற்ற அறுபத்து மூன்றும் வைரஸால் அழிந்துவிட்டன, இனி ஆண்டவர் நினைத்தாலும் எடுக்க முடியாது என்றேன். "தல மாத்துனவனுக்க பேச்ச எப்பிடி நம்ப? அசல் படத்தக் காட்டு" என்றார் மாமா. ஃபாதர் தலையில் கைவைத்துக்கொண்டார். அஜிஷாவின் கல்யாணம் வரும் திங்கள்கிழமை. ஞானத்தகப்பன் வரமாட்டார் என்று முடிவாகிவிட்டது.

அந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னது உண்மையில்லை. எந்தப் படத்தையும் நான் அழிக்கவில்லை. தலை மாற்றாத அசலையும் சேர்த்து அறுபத்து நான்கும் என் கம்ப்யூட்டரில், வைரஸ் மறைத்துவைப்பது போலவே, மறைத்துவைக்கப்பட்டிருக்கின்றன. சில நேரம் எடுத்துப் பார்ப்பேன். ஆன்ட்ரூஸ் அண்ணன் எல்லாவற்றிலும் சந்தோஷமாக இருக்கிறார்.

அவற்றை இன்றே கொடுத்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. ஜேசுதாஸ் மாமாவும் திங்கள்கிழமை வந்துவிடுவார், மன்றாட்டும் வாசிப்பார். ஆனால் தவறு செய்தவன் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. ஆகவே கல்யாண மேடையிலேயே ஆன்ட்ரூஸ் அண்ணனின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, படங்களை அங்கேயே கொடுக்கத் தயாராக இருக்கிறேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. போட்டோக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆன்ட்ரூஸ் அண்ணன் எனக்கு அரை அடி பின்னால் நிற்க வேண்டும்.