இடது பின்சக்கரத்து நட்டு

மண்ணெண்ணெயில் ஊறிய நட்டைத் துணியால் துடைத்தால் போதாது, ஐயா. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உள்மரையைச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். என் மச்சானின் பட்டறையில் இதற்கெல்லாம் யாருக்கும் பொறுமை கிடையாது.

மச்சான் என்றால், வெளியே உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாரே, அவர்தான். என் மனைவியின் அண்ணன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு கார் பட்டறை வைத்தவர். நான் பதினெட்டு வருடமாக இயற்பியல் ஆசிரியர். சுருள்வில்லை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு சுருங்கும் என்று நான் கரும்பலகையில் போடாத கணக்கு இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எங்கள் காரின் பின்பக்கம் தொய்ந்துபோயிருந்தது. அத்தை, அதாவது என் மாமியார், பின்சீட்டில் ஏறினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடிவயிறு தரையில் இடிக்கும். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் ஸ்பிரிங்கோடு மாற்ற வேண்டும் என்று நானே கண்டுபிடித்தேன்.

"அண்ணன்கிட்ட விட்டா அரை நாள்ல முடிச்சிடும்ங்க" என்றாள் மனைவி.

வீட்டிலேயே நான் மாற்றுகிறேன் என்றேன். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மச்சானும் இருந்தார்.

"மாப்ள, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மச்சான் கெட்ட மனதோடு சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை அவரே கொண்டுவந்து கொடுத்தார். "ரெண்டு பக்கமும் சமமா முறுக்குங்க. தெறிச்சா மூஞ்சி இருக்காது" என்றார். ஸ்பிரிங்கின் விசையைப் பற்றி எனக்கே பாடம்.

சனிக்கிழமை காலையில் ஜாக்கி போட்டேன். டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கி மேல் நட்டுகளைக் கழற்றினேன். கீழே சக்கரத்தோடு பிணைக்கும் போல்ட் பக்கத்துக்கு இரண்டு. அந்த நான்கின் நட்டுகளையும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊறவைத்துத் தேய்த்தேன். வலது பக்கம் அற்புதமாக வந்தது. இடது பக்கம் இரண்டு போல்ட்டையும் செருகி, ஒன்றுக்கு நட்டை முறுக்கி முடித்திருந்தேன். மனைவி மூன்றாவது முறையாக வந்து நின்றாள். நான்கு மணிக்கு அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

"முடிஞ்சுதாங்க? இல்ல, அண்ணனை வரச் சொல்லட்டுமா?"

முடிந்துவிட்டது என்று சொன்னேன். சொன்ன வாய்க்குக் கட்டுப்பட்டு கை சக்கரத்தை எடுத்து மாட்டிவிட்டது.

ஜாக்கியை இறக்கிய பிறகுதான் டம்ளரைப் பார்த்தேன். ஒரு நட்டு மிச்சம் இருந்தது. எந்த போல்ட்டுடையது என்பதில் எனக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் இல்லை.

மறுபடி சக்கரத்தைக் கழற்றி மாட்டப் பத்து நிமிடம் போதும். ஆனால் அதற்குள் மச்சான் பைக்கில் வந்து இறங்கிவிட்டார். அந்தப் பத்து நிமிடமும் அவர் என் முதுகுக்குப் பின்னால் நிற்பார். அப்புறம் ஆயுள் முழுக்க ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் அந்த நட்டைப் பரிமாறுவார்கள். ஒரு போல்ட் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்று கிலோமீட்டர்தானே, திரும்பி வந்ததும் ஆள் இல்லாத நேரம் பார்த்து மாட்டிவிடலாம். நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அத்தை பின்சீட்டில் ஏறி ஒருமுறை அசைந்து பார்த்தார். "மெத்தையில உக்காந்த மாதிரி இருக்கு, மாப்பிள்ளை" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. உள்ளம் குளிர்ந்துவிட்டது. அப்படி ஒரு வார்த்தை கேட்ட பிறகு யார்தான் சக்கரத்தைக் கழற்றுவார்கள், நீங்களே சொல்லுங்கள்.

"நீங்களும் வாங்களேன்" என்றாள் மனைவி. கையெல்லாம் கிரீஸ் என்று காட்டினேன். அது பொய்யில்லை. மெதுவாகப் போ என்றும் சொன்னேன்.

மனைவி ஓட்டிய வண்டி கேட்டைத் தாண்டும்போது மச்சான் தலையைத் திருப்பினார்.

"மாப்ள, பின்னால டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சே. நிறுத்தச் சொல்லவா?"

"புது ஸ்பிரிங், மச்சான். உக்கார நாலு நாள் ஆகும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நான் உள்ளே போய்க் கையைக் கழுவினேன்.

மற்றது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. பாலத்து இறக்கத்தில் சக்கரம் சாய்ந்து, வண்டி கைப்பிடிச் சுவரில் மோதியது. அத்தை அங்கேயே போய்விட்டார். மனைவிக்கு விலா எலும்பு மூன்று முறிந்திருக்கிறது. நினைவு வந்ததிலிருந்து அம்மா எங்கே என்று கேட்கிறாள். எனக்கு வருத்தம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அத்தை நல்லவர். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நட்டு ஓட்டத்தில் தானாகக் கழன்றிருக்கும், விபத்துதான் என்று உங்கள் ஆட்கள் முடிவுகட்டினார்கள். நீங்களும் அப்படியே எழுதி, இந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளினீர்கள். நானும் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் மச்சான் உள்ளே வந்து இந்த மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"சார், தப்பு என்மேலதான். சத்தம் என் காதுல விழுந்துச்சு. தொழில் தெரிஞ்சவன் நான். நிறுத்தியிருக்கணும். இவரு பாவம், வாத்தியாரு. இவருக்கு என்ன தெரியும்?"

நீங்கள் தலையாட்டினீர்கள். பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்தீர்கள்.

அந்தப் பார்வைக்கு அப்புறம் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை, ஐயா. வேறு தாள் எடுங்கள். இடது பின்சக்கரத்தில் ஒரு போல்ட்டுக்கு நட்டு இல்லை. அவர்கள் வண்டியில் ஏறுவதற்கு முன்பே எனக்கு அது தெரியும். அந்தச் சத்தம் எதனால் வந்தது என்றும் தெரியும். அவருக்குத்தான் ஒன்றும் தெரியாது.