சூரை மீன் குழம்பு

சங்கரன்கோவில்ல நல்ல மீனே கிடைக்காதுன்னு பேச்சு உண்டு, சார். அது வாங்கத் தெரியாதவங்க சொல்லுதது. தூத்துக்குடி பஸ்ஸுல கூடை இறங்கும்போதே போயி நின்னா நல்ல சூரை கிடைக்கும். என் தங்கச்சி இசக்கித்தாய்க்குச் சூரைன்னா உசிரு. புருஷன் போன பெறகு நான் மீன் தொடுததில்லை. அவளுக்கு மட்டும் வைப்பேன். அம்மா சாகும்போது அவளுக்கு ஆறு வயசு, நான்தான் வளத்தேன்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, வெயில்ல கெடந்த மீனை அறியாமத்தான் குழம்பு வச்சேன். தின்னுக்கிட்டே, "நாக்குல மொளகு கடிச்ச மாதிரி இருக்குக்கா"ன்னா. முகம் செக்கச்செவேல்னு ஆகி, மேலெல்லாம் தடிச்சிட்டு. இளைப்புக்காரி வேற, மூச்சு இழுத்துச்சு. டாக்டர் ஊசி போட்டுட்டு வெவரமாச் சொன்னாரு. வெயில்ல கெடக்குத மீன்ல கண்ணுக்குத் தெரியாத கிருமி பெருகி வெசத்தை உண்டாக்குமாம். எவ்வளவு கொதிச்சாலும் அது போகாதாம். இளைப்பு உள்ளவளுக்கு உசிருக்கே ஆபத்தாம். நான் ஒண்ணையும் மறக்கலை.

அன்னைக்குச் சாயங்காலம் இளையரசனேந்தல்ல இருந்து பொண்ணு பாக்க வந்தவங்க, அவ முகத்தைப் பாத்துட்டுக் காப்பி கூடக் குடிக்காமப் போயிட்டாங்க. பெருவியாதின்னு நெனச்சிருப்பாங்க. எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு.

பெறகு மூணு மாப்பிள்ளை வந்தாங்க. மூணு தடவையும் மத்தியானம் சூரைக் குழம்பு. கொஞ்சமாத்தான் போடுவேன்.

கடைசியா வந்தவரு கரிவலம்வந்தநல்லூர் சண்முகையா. செவந்த முகத்தைப் பாத்தும், "மருந்தில்லாத நோயா? நான் பாத்துக்கிடுதேன்"னு சொல்லிட்டாரு. மறுவாரமே நிச்சயம்.

நிச்சயத்தன்னைக்குக் காலையில சோறும் சூரைக் குழம்பும் போட்டேன். அவ தட்டையே பாத்தா.

"அக்கா, வேற எங்கன மீன் தின்னாலும் எனக்கு ஒண்ணும் ஆவுததில்லை. ஒன் கையால தின்னாத்தான் வருது."

நான் தட்டை அவ பக்கம் தள்ளி வச்சேன்.

"இன்னைக்கும் தின்னுருதேன். இதோட என்னைய விட்ருவியா?"

"விட்ருதேன், ஏட்டி."

தின்னா. அன்னைக்கு நான் கொஞ்சமாப் போடலை.

மூச்சு இழுக்குத சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு ராஜதுரை அண்ணாச்சி வண்டி கூப்பிடட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம், தன்னால அடங்கிரும்னேன். அடங்குத வரைக்கும் என் மடியிலதான் கெடந்தா.

தனியா இருக்கப் பயந்து செஞ்சேன்னு மட்டும் எழுதாதீங்க, சார். என்னைய விட்டுட்டு அவளால இருக்க முடியாது.