மேடையில் இழுத்த பட்டை

எனக்குப் பொன்னாடை ஒத்துக்கொள்வதில்லை. பார்த்தாலே கழுத்து அரிக்கும். எங்கள் கல்லூரியிலோ குழாயில் தண்ணீர் வந்தால்கூட யாருக்காவது ஒன்று போர்த்திவிடுவார்கள். இதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் இன்ஸ்பெக்டர் ஐயா. இல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

அரூர் ரோட்டில் இருக்கிற அந்தப் பொறியியல் கல்லூரியில் எனக்கும் மதியழகனுக்கும் ஒரே ஆய்வகம். அவர் துறைத் தலைவர். நான் அவருக்கு அடுத்தவன், எப்போதும் அடுத்தவன். சிலிகோன் ரப்பரில் கார்பன் நானோகுழாய்களைக் கலந்து கறுப்பாக ஒரு பட்டை செய்தோம். சைக்கிள் டியூபைக் கீறியெடுத்த மாதிரி இருக்கும். இழுத்தால் நீளும், நீண்டாலும் மின்சாரம் ஓடும். அதை நெஞ்சுக் கச்சையில் வைத்துத் தைத்தால் மூச்சோடு சேர்ந்து நீண்டு சுருங்கும். மூச்சு நின்றால் அலாரம் அடிக்கும். நல்ல பொருள்தான்.

அளவுக்கு மீறி இழுத்தால் மட்டும் உள்ளே கார்பன் பாதைகள் அறுந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. அதில் கோத்துக் காட்டுகிற பல்புகூட எரியும். ஆனால் மின்சாரத்தின் அளவு தானாக ஏறி இறங்கும். கருவி அந்த நடுக்கத்தையே மூச்சு என்று எடுத்துக்கொள்ளும். மதியழகனிடம் எத்தனையோ தடவை சொன்னேன்.

"வீரமணி, உங்க வாய்ல நல்லதே வராதுங்களா?" என்றார்.

கல்லூரியில் பட்டையின் அறிமுக விழா நடந்தது. சிறப்பு விருந்தினர் பட்டையை இழுத்தார், பல்பு எரிந்தது, கை தட்டினார்கள். அப்புறம் தாளாளர் இழுத்தார். அவர் மருமகன், மச்சான், பொன்னாடை வாங்கி வந்தவர் என்று ஆளுக்கொரு தடவை. "இன்னுங் கொஞ்சம் இழுங்க, இங்க பாருங்க" என்று போட்டோக்காரர் வேறு. மச்சான், அறுத்துக்கொண்டு ஓடும் மாட்டைப் பிடிப்பது போல இழுத்தார். மதியழகன் மைக்கில், "பெரியவங்க கைபட்ட இந்தப் பட்டைதான் நம்ம முதல் பயனாளிக்கு" என்று அறிவித்தார்.

பயனாளி, இண்டூரில் மரவள்ளி போடுகிற கிருஷ்ணப்பன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். நின்றால் உலுக்கி எழுப்ப வேண்டும். அவர் மனைவி பாஞ்சாலி பல வருஷமாக அவர் நெஞ்சில் கை வைத்தபடி விழித்தே கிடந்தவள்.

கச்சையில் பட்டையைத் தைக்கிற வேலை என்னுடையது. புதுப் பட்டை என் சட்டைப் பையில் இருந்தது. மாற்ற ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். நான் பழையதையே தைத்தேன். அவர்தானே மைக்கில் சொன்னார்?

இண்டூருக்கு நானே கொண்டுபோய்க் கட்டிவிட்டேன்.

"இனிமே நானு கண்ணு அசரலாங்களா சார்?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

"தாராளமாத் தூங்குங்கம்மா. அது பாத்துக்கும்."

"அப்டியே இவரு கொறட்டைக்கும் ஒரு மிஷினு கண்டுபுடிங்க சார், புண்ணியமாப் போவும்" என்று சிரித்தாள். கிருஷ்ணப்பனும் சிரித்தார்.

அலாரம் அடிக்காவிட்டாலும் அவள் எப்படியும் விழித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். எழுதிக்கொள்ள வேண்டாம். அவளைப் பற்றி நான் நினைக்கவேயில்லை. மதியழகனின் முகம் எப்படித் தொங்கும் என்று மட்டும் நினைத்தேன்.

அவள் விடியும்வரை நன்றாகத் தூங்கினாள். சேதி கேட்டு நான் போனபோது பிணத்தின் மேல் கச்சை அப்படியே இருந்தது. கருவியின் திரையில் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. நான்தான் அணைத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். "நாந் தூங்கிட்டேனுங்களே" என்று பாஞ்சாலி தலையில் அடித்துக்கொண்டாள். இரங்கல் கூட்டத்தில் மதியழகன், "கடைசி மூச்சு வரைக்கும் நம்ம கருவி அவருக்குத் துணையா இருந்துச்சு" என்று தழுதழுத்தார். இரங்கல் கூட்டத்திலும் அவருக்கு ஒரு பொன்னாடை. பட்டையைப் பற்றி ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஒரு மனிதர் செத்தும் எதுவும் நிரூபணமாகவில்லை.

அதனால்தான் நானாக வந்தேன். கிருஷ்ணப்பனைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பட்டை போகும் என்று முதலில் சொன்னவனும் நான்தான். அதை மட்டும் முதல் வரியாகப் போடுங்கள் ஐயா.